இரண்டு தாலுகாவுக்கு நடுவே எங்கள் வீட்டு வழி

ஊர் ஒன்றுதான், தாலுகா இரண்டு. எங்கள் சந்தையில் மீன் விற்கிற பக்கம் கிழக்குத் தாலுகா, மரச்சீனிக் கிழங்கு விற்கிற பக்கம் மேற்குத் தாலுகா. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மழைக்கு ஒதுங்க ரோட்டைத் தாண்டி ஓடினால் தாலுகா மாறிவிடுவார். கல்யாணப் பேச்சில் "பொண்ணு வெளித் தாலுகாவாக்கும்" என்று பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். போய்ப் பார்த்தால் பெண் வீடு நாலு வீடு தள்ளி இருக்கும். இதெல்லாம் எனக்கும் வெகுநாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருஷம் அந்த எல்லை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

என் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டிலிருந்து ஒரு மண்வழி வரும். வழிக்கு மேற்கே வேறொருவருடைய வாழைத்தோட்டம், அதன் கடைசியில் என் வீடு. அது மேற்குத் தாலுகா. வழிக்குக் கிழக்கே பக்கத்து வீட்டுக்காரரின் நிலம், பறம்பு என்போம். அது கிழக்குத் தாலுகா. தாலுகா எல்லைக்கல் வாழைத்தோட்டத்து ஓரத்தில் நிற்கிறது. வழி யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. ஆட்டோ வரும், பால்காரர் வருவார், சபையில் இருந்து ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கல்ஃபில் வேலை. அந்தப் பறம்பை வாங்கிப் புது வீடு வைத்து, வாசல் நிலையில் திருநாமம் வரைந்திருந்தார். நாற்பது நாள் லீவில் வந்தவர் சுற்றுச்சுவர் கட்டுவதற்குக் கயிறு பிடித்தார். கயிறு வழியின் கிழக்கு ஓரத்தில் போகும் என்று நினைத்தேன். அது வழியைத் தாண்டி, வாழைத்தோட்டத்து ஓரத்தில், எல்லைக்கல்லை ஒட்டிப் போயிற்று. வழி முழுக்கக் கயிற்றுக்கு உள்ளே இருந்தது.

நான் பேசுவதற்குக் கூச்சப்படுகிறவன். ஆனாலும் போய் நின்றேன். அவரே ஆதாரத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். எங்கள் பக்கம் கிரயப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வோம். அதில் மேற்கெல்லை, தாலுகா எல்லை என்று எழுதியிருந்தது.

"நான் அநியாயம் ஒண்ணும் செய்யல்ல அண்ணே. எழுதினதத்தான் கெட்டுகேன். அது பொதுவழின்னு உங்க கையில ஒரு தாளு இருந்தா காட்டுங்கோ. அடுத்த நிமிஷம் கயிற அவுத்திருவேன்."

"தேடிப் பாக்கேன்" என்றேன்.

"பாருங்கோ. நான் போறதுக்கு முந்தி பாக்கணும். எனக்கும் லீவு நீட்டித் தரமாட்டான்."

அவர் பேச்சில் கோபமே இல்லை. அதனால் எனக்கும் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.

வழி போனால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வாழைத்தோட்டத்து வரப்பில் ஒற்றை ஆளாக நடந்து ரோட்டுக்குப் போய்விடலாம். என் மனைவியால் முடியாது. அவள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில், இருபது வருஷத்துக்கு மேல் குத்தவைத்து இருந்து வேலை செய்தவள். முதுகெலும்பு கெட்டு ஆபரேஷன் ஆயிற்று. வாரம் இரண்டு நாள் மார்த்தாண்டத்தில் கால்களுக்குப் பயிற்சி. ஆட்டோ வாசலில் வந்து நின்றால், கைத்தடியும் என் தோளுமாக ஆறு எட்டு வைத்து ஏறுவாள். ஆறே எட்டுதான். பயிற்சியை விட்டால் அந்த ஆறும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரப்பில் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக இரண்டு பேர் பக்கவாட்டில் நடக்க இடம் கிடையாது. சுவர் வந்தால் அவள் வீட்டுக்குள்தான்.

எனக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. மழை பெய்தால் வெட்டு கிடையாது, பட்டையில் ஈரம் இருந்தால் பால் ஒழுகிப் போகும். அதனால் எங்களைப் போன்றவர்கள் ஆஸ்பத்திரி, ஆபீஸ், துஷ்டி கேட்கப் போகிற சாவு வீடு எல்லாவற்றையும் மழை நாளுக்கு ஒதுக்கி வைப்போம். அந்த மாசம் நல்ல மழை. முதல் மழையில் மேற்குத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். எதிரே ஒரு மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, மடக்கு மேசை போட்டு ஒரு அம்மா மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"எதுக்குள்ள ரெக்கார்டு வேணும்?"

"வழிக்கு."

"யாருக்குள்ள வழி?"

"எல்லாரும் நடக்கது."

"அப்பம் பொதுவழி." எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இஞ்ச பாருங்கோ அண்ணே, உள்ள போய் இப்பிடி மண்ணப் பாத்துட்டு நிக்கப்பிடாது. மனு பேசாது. நீங்கதான் பேசணும்."

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். வாசிக்கத் தெரியும், பேப்பர் தினமும் வாசிப்பேன். ஆனால் ஆபீஸ் எழுத்து எழுத வராது. அவர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பொதுவழி என்று அழகாக எழுதியிருந்தார். அது சரியாகத்தான் பட்டது.

உள்ளே வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் "அவசரம்" என்றால் ஒதுங்கி இடம் விடுவது என் பழக்கம். அன்றைக்கு நாலு பேருக்கு விட்டபிறகு என் முறை வந்தது. அங்கே இருந்தவர் என் வீட்டு சர்வே நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"உங்க வீடு எங்களுக்குள்ளது. வாழைத்தோட்டம் எங்களுக்குள்ளது. அந்தால எல்லைக்கல்லு. வழி கல்லுக்கு அந்தப் பக்கம் இல்லியா? அது கிழக்கு. அங்க கேளுங்கோ."

அடுத்த மழைக்குக் கிழக்குத் தாலுகா ஆபீஸ். இரண்டு ஆபீசும் எங்கள் ஊரிலிருந்து நேர் எதிர்த் திசையில் இருக்கின்றன. ஊருக்கு நடுவில் ஒரு ஆபீஸ் வைத்திருக்கலாம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

அங்கே இருந்தவர் என் முகவரியைப் பார்த்தார். "நீங்க மேற்குத் தாலுகா. உங்க வீட்டுக்குப் போற வழிய இங்க வந்து கேட்டா எப்பிடி?"

"வழி இங்க உள்ளது சார். வீடுதான் அங்க."

"வீடு அங்க, வழி இங்க. நீங்க எங்க?" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன். ஆனாலும் அவர் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்.

இரண்டு ஆபீசும் சொன்ன நாளில் பதில் எழுதித் தந்தன. மேற்கிலிருந்து வந்த தாளில், மனுதாரர் கேட்கும் பொதுவழி எங்கள் தாலுகா எல்லைக்குள் இல்லை என்று இருந்தது. கிழக்கிலிருந்து வந்த தாளில், மனுதாரர் கேட்கும் பொதுவழி எதுவும் பதிவேட்டில் காணப்படவில்லை என்று இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு லீவில் பத்து நாள்தான் பாக்கி.

மறைப்பது சரியில்லை என்று இரண்டு தாளையும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"நான் கேட்டது ஒரு தாளு. நீங்க ரெண்டு கொண்டாந்திருக்கிய. ரெண்டும் எனக்கு அனுகூலம். இப்பிடி ஒரு எதிராளி எங்க கிடைக்கும் அண்ணே?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "திங்கக்கிழம மேஸ்திரி வாறாரு. அதுவரைக்கும் பாருங்கோ."

வீட்டுக்கு வந்து தாள்களை மேசையில் வைத்தேன். மனைவி கட்டிலில் சாய்ந்து இருந்தபடியே கேட்டாள்.

"ரெண்டு ஆபீசுலயும் மேப்பு இருக்குமில்லா? அதக் கண்டியளா?"

"எழுதித் தந்திருக்கே."

"எழுத்து உங்களுக்குத் தடுமாறும். நெலம் தடுமாறாது. கண்ணக் கட்டி விட்டாலும் எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் நிக்கியன்னு சொல்லுவிய. மேப்பக் காட்டச் சொல்லுங்கோ."

"தருவாவளா?"

"கேட்டாத் தருவாவ. நீங்க கேக்கணும். அதாக்கும் கஷ்டம்."

மறுநாள் மழை. மறுபடியும் கிழக்கு. பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு ஒரு பெண் பொறுப்பு. மேலே இரும்புக் கூரை, ஒரு மூலையில் வாளி வைத்திருந்தது. நான் கேட்டதும் அவர் ஜன்னலைக் காட்டினார்.

"மழையில பழைய படம் வெளிய எடுக்க மாட்டோம். துணியில ஒட்டின தாளு. ஈரம் பட்டா மை கலங்கிரும். வெயிலடிக்கும்பம் வாருங்கோ."

வெயில் அடித்தால் எனக்கு வெட்டு. இத்தனை வருஷமும் மழை நாளில் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கிய எனக்கு, அங்கே உள்ள பழைய காகிதங்களும் ரப்பர் மரத்தைப் போலத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரப்பர் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, அதற்கடுத்த வெயில் நாளில் மரங்களை வெட்டாமல் விட்டேன். அப்படி விடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பஸ்ஸில் இருக்கும்போது கைகள் வேலை தேடின.

அந்தப் பெண் என்னை மறந்திருக்கவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் படத்தை விரித்தார். ஓரங்கள் பழுத்துப் போயிருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் மலையாள எழுத்து இருந்தது.

"இதாக்கும் உங்க பக்கம். இது எல்லை. வழின்னா புள்ளி புள்ளியாட்டு கோடு வரும். நான் காலையிலேயே பாத்தாச்சு. வழி ஒண்ணும் கிடையாது."

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கும் கோடுகளும் எண்களும். எல்லைக்கல்லின் குறியிலிருந்து தொடங்கி விரலைத் தாளில் படாமல் மேலாகவே நகர்த்தினேன். எல்லையை ஒட்டிக் கிழக்கே இரண்டு மெல்லிய கோடுகள் சேர்ந்தே போயின. ஓரிடத்தில் இரண்டும் கிழக்கே வளைந்து மறுபடி நேராயின. அந்த வளைவை எனக்குத் தெரியும். வழி அங்கே ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போகும். கொஞ்சம் தள்ளி, ஒரு சிறிய மேற்குச் சாய்வு. அதுவும் தெரியும். ஆட்டோ அங்கே வரும்போது மனைவி கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

"இதுதான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இதாக்கும் எங்க வழி."

அவர் குனிந்து பார்த்தார். "இதா? இது வழியில்ல. தோடு. அம்புக்குறி பாருங்கோ, தண்ணி போற திசை. ஓடைப் புறம்போக்கு. நம்பரே தனி. அந்த வீட்டுக்காரரோட நம்பர் இந்தக் கரையோட முடிஞ்சு போச்சு."

தோடு என்றால் எங்கள் பக்கம் சின்ன ஓடை. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. என் சின்ன வயதில் அங்கே தோடு இருந்தது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் போகும். கோடையில் காய்ந்து கிடக்கும், நாங்கள் அதற்குள் இறங்கி நடப்போம். மேலே வீடுகள் வந்தபிறகு தண்ணீர் குறைந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பெண்ணை ரோட்டில் இறக்கி நடத்திக் கூட்டி வருவதா என்று அப்பாவுக்கு வருத்தம். அப்போதைய பறம்புக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்பாவும் நானும் கரைமண்ணை வெட்டித் தோட்டை நிரப்பினோம். கிணறு தோண்டிய கல்லையெல்லாம் கொண்டு போட்டோம். கல்யாண நாளில் கார் வாசல்வரை வந்தது. அன்றிலிருந்து அது வழி. தோடு என்ற பேச்சே அந்த இடத்துக்கு இல்லாமல் போயிற்று. இல்லாத வழிக்கு ரெக்கார்டு தேடித்தான் நான் இரண்டு தாலுகாவும் அலைந்திருக்கிறேன்.

"இப்பம் தண்ணி ஓடுகா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல."

"யாரு மண்ணு போட்டு நெகத்தினது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை. பேசாமல் நின்றாலும் அவர் விட்டிருப்பார். பேசாமல் நிற்பது எனக்குக் கைவந்த காரியம்.

"நாங்கதான்" என்றேன். "நானும் எங்க அப்பாவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு நகல் தரலாம். ஆனா யோசிச்சுட்டு வாங்குங்கோ. இதக் காட்டினா அவரு சுவரு கெட்ட முடியாது. அதே தாளுதான், நீங்களும் இத வழின்னு சொல்ல முடியாது. நெகத்தின தோட்டத் தோண்டித் தரணும்னு யாராவது மனு போட்டா, உங்க வண்டியும் நிக்கும்."

"வாங்காம போனா?"

"திங்கக்கிழம சுவரு வரும்."

நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த நாலு வரியை நானே எழுதினேன். வழி என்று எழுத வந்த கையை நிறுத்தி, தோடு என்று எழுதினேன். மூன்றாம் நாள் வந்து வாங்கிப்போகச் சொன்னார். அது வெள்ளிக்கிழமை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, என்னையே பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு கார் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்னு எங்க வீட்டுல பெருமையா சொன்னது இதுதானா?"

"ஓ" என்று தலையாட்டினேன்.

"எனக்காக நீங்க செஞ்ச ஒரே ஒரு பெரிய காரியம். அதும் கள்ள வேலையாட்டு இருந்திருக்கு." சிரிப்பு வந்து முதுகு வலித்தது அவளுக்கு. "போய்க் காட்டுங்கோ. மறைச்சு வச்சுட்டு நான் ஆட்டோவுல போனா எனக்கு அங்க காலு நீளாது."

"தோண்டச் சொன்னா?"

"சொன்னாப் பாப்போம். சுவர நான் ஏறிக் குதிக்க முடியாது. தோட்டுக்கு ஒரு பலகையாவது போடலாமில்லா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் பாறை வளைவைக் காட்டினேன். பிறகு தோட்டை நிரப்பிய கதையையும் சொன்னேன். நீளமாகப் பேசினேன். இடையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பம் இது எனக்குள்ளது இல்ல."

"இல்ல."

"உங்களுக்குள்ளதும் இல்ல."

"இல்ல."

"ஆதாரம் எழுதினவன் தாலுகா எல்லைன்னு ஒரு வார்த்தையில எழுதிட்டுப் போய்ட்டான். நாப்பது நாள் லீவுல வந்து, தண்ணி போற இடத்துக்குக் காவல் சுவரு கெட்டப் பாத்திருக்கேன்." தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க சும்மா இருந்திருந்தா உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல அண்ணே. தோடுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். நெகத்தினது ஏன் சொன்னிய?"

"கேட்டாவ."

"நான் கேக்கலியே?"

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அன்றைக்கே கயிற்றை அவிழ்த்தார். திங்கட்கிழமை மேஸ்திரி வந்து, தோட்டின் கிழக்குக் கரைக்கு உள்ளே, பாறையை வெளியே விட்டு, புதிதாகக் கயிறு பிடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போய், மரத்தடி அம்மாவிடம் ஒரு மனு எழுதினோம். ஓடை ஓடையாகவே இருக்கட்டும், அதன் ஒரு ஓரத்தில் ஆட்டோ போகிற அளவு கரை விடவேண்டும் என்று.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்தா? ஒருத்தன் மேல ஒருத்தன் போடுகதுக்குத்தான் எங்கிட்ட வருவாவ. இதுக்கு எப்பிடி ஆரம்பிக்கதுன்னே தெரியலியே." பிறகு என்னைப் பார்த்து, "இப்பம் அண்ணன் மண்ணப் பாக்கல்ல, கேட்டியளா" என்றார். எனக்கு வெட்கமாகி மறுபடியும் மண்ணைப் பார்த்தேன்.

மனு கிழக்குத் தாலுகாவுக்குப் போயிற்று. அவர் கல்ஃபுக்குப் போய் இரண்டு மாசம் கழித்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். கிழக்கு ஓரமாக மூன்றடி அகலத்துக்குத் தோட்டைத் திறந்துவிட வேண்டும், மேலிடத்து முடிவு வரும்வரை மிச்சம் கரையாக இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டு போனார். பாறைக்குப் பக்கத்தில் நாலடிகூட அவர் விடவில்லை, ஆட்டோ போகுமா என்று கேட்டேன். வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பாறை ஓரத்தை மட்டும் கொஞ்சம் உடைக்க வேண்டி வந்தது.

தோண்டியது நான்தான். மண் இளக்கமாக இருந்தது. அப்பா போட்ட கிணற்றுக்கல்தான் கஷ்டப்படுத்தியது. ஒவ்வொரு கல்லையும் கம்பியால் நெம்பி, கரையில் அடுக்கி, அதையே கரைக்குக் கட்டாக வைத்தேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "அவசரப்படாதீங்கோ, ஒங்க முதுகும் போனா யாரு ஆட்டோவுல ஏத்துகது?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலை முடிகிறவரை மூன்று பயிற்சி நாள் அவளுக்கு விட்டுப்போயிற்று. நாலாவது முறை டாக்டர் நடக்கச் சொன்னபோது ஐந்து எட்டுதான் வந்தது. இரண்டு வாரத்தில் ஆறு திரும்பி வந்தது.

மேலிடத்து முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது என்ன எழுதியிருக்கும் என்று தெரியாது. ஆட்டோ திங்களும் வியாழனும் வருகிறது. பாறைப் பக்கம் டிரைவர் கண்ணாடியை மடக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் போகும். மனைவி ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்வாள்.

"எடே மக்கா, பையப் போ. தோட்டுல தள்ளிராத."